நான்கெல்லை

(ஒரு வட்டார நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'ரியல் எஸ்டேட் ஆலோசகர்' என்று போட்டிருக்கிறீர்கள். மரியாதைக்காகச் செய்தது, நன்றி. நான் தரகர். மேற்குத் தாம்பரம், முடிச்சூர், படப்பை வட்டாரத்தில் மனை, வீடு, வாடகை வீடு மூன்றும் பார்க்கிறேன். கமிஷனில்தான் சாப்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நான் சொல்வதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

தரகுக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். வார இதழ், பாடநூல், கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ் என்று வந்ததெல்லாம் பார்ப்போம். இரண்டு பேராக உட்கார்ந்து பார்ப்பது அந்த நாள் வழக்கம். ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். கமா, முற்றுப்புள்ளி, ஒற்று எதையும் விடாமல் வாய்விட்டுச் சொல்வார். மற்றவர் அச்சான தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டு போவார். கணினி வந்ததும் இரண்டு பேர் ஒருவரானார். அப்புறம் அந்த ஒருவரும் எதற்கு என்ற நிலை வந்தது. வெளியே வந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது.

அந்த வேலையை நான் குறைசொல்ல மாட்டேன். தமிழ் அங்கேதான் படித்தேன். ஆனால் நூறு பிழையைத் திருத்தினால் ஒருவருக்கும் தெரியாது, ஒன்றை விட்டால் ஊருக்கே தெரியும். வாசகர் கடிதத்தில்கூட எங்களுக்கு இடம் கிடைப்பது திட்டு வாங்கும்போதுதான். குடியிருப்பும் அதே லட்சணம். பதினொரு மாத ஒப்பந்தம், பத்து மாத அட்வான்ஸ், இந்த வருஷம் ஒரு தெரு, அடுத்த வருஷம் இன்னொரு தெரு. ரேஷன் கடைக்காரருக்கு என் அட்டை தெரியும், என்னைத் தெரியாது. 'சொந்த ஊர் எது?' என்று யாராவது கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்வேன். அங்கே எங்களுக்கு ஒரு திண்ணைகூடக் கிடையாது.

தொழில் மாறியது திட்டம்போட்டு நடந்ததில்லை. அச்சகத்தில் கூட வேலைபார்த்த ஒரு பெரியவர் ஓய்வுபெற்று, வைப்புநிதிப் பணத்தில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு மனை வாங்க முடிவுசெய்தார். "எழுத்தெழுத்தா படிக்கிறவளாச்சே, இதையும் ஒரு பார்வை பாரும்மா" என்று பத்திரக் கட்டை என் கையில் கொடுத்தார். எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். அவரைத் தாய்ப்பத்திரத்தை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, நான் புதுப்பத்திரத்தில் பென்சிலை ஓட்டினேன். சர்வே எண் சரி. விஸ்தீரணம் சரி. நான்கெல்லைக்கு வந்தோம். பழைய பத்திரத்தில் 'வடக்கே வாய்க்கால்' என்று இருந்தது. இரண்டு கை மாறி வந்த புதுப்பத்திரத்தில் 'வடக்கே இருபதடி பொதுவழி' என்று இருந்தது. அச்சகத்தில் என்றால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவேன். இங்கே ஆசிரியர் யார் என்று தெரியவில்லை.

அவர் அந்த மனையை வாங்கவில்லை. மறுநாள் அந்த விற்பனையில் கமிஷன் போன தரகர் என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். கையில் இன்னொரு பத்திரக் கட்டோடு நின்றார். "இதையும் அப்படிப் படிச்சுச் சொல்றியாம்மா? இது என் பொண்ணுக்கு வாங்கறது" என்றார். அவரிடம்தான் தொழில் கற்றுக்கொண்டேன்.

இந்த நான்கெல்லையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் பத்திரங்களில் பெரும்பாலோர் படிக்காமல் கையெழுத்துப் போடும் பகுதி அது. விலை எங்கே எழுதியிருக்கிறது, பெயரில் இனிஷியல் சரியா என்று பார்ப்பார்கள். கடைசியில் வரும் சொத்து விவரத்தைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் நிலத்துக்குக் கிழக்கே யார், மேற்கே யார், வடக்கே என்ன, தெற்கே என்ன என்று சொல்லும் அந்த நாலு வரிகளில் ஊரின் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். பழைய ஆவணங்களில் ஏரி, தாங்கல், ஓடை, கால்வாய், மேய்க்கால், களம், வண்டிப்பாதை என்று வரிக்கு வரி வரும். முப்பது நாற்பது ஆண்டுகளின் பத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓடை பாதையாகும், பாதை தெருவாகும், தெரு நகராகும். நகருக்கு அந்த லேஅவுட் போட்டவரின் மகள் பெயர் இருக்கும்.

தண்ணீருக்குப் பத்திரம் தெரியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் என்ன நடந்தது என்று இங்கே உள்ள பலருக்குத் தெரியும். படகு வந்த தெருக்களில் சிலர் குடியிருந்திருப்பீர்கள். அதற்கு முன்பு ஒரு தம்பதியிடம் ஒரு மனை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் இன்னொருவர் மூலம் அதையே வாங்கி வீடு கட்டினார்கள். தரைத்தளம் முழுகியது. வெள்ளம் வடிந்தபின் மாடிக்கு வாடகைக்கு ஆள் வேண்டும் என்று எனக்குத்தான் போன் செய்தார்கள். பழையதை அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றுவரை அந்த மாடிக்கு ஆள் வைப்பது நான்தான். குடிவருபவர்களிடம் மழைக்காலத்தில் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

கற்றுக்கொண்டதில் என்னை அதிகம் அலைக்கழித்தது பஞ்சமி நிலம். இதே செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்கே பறையர் சமூகத்து மக்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அவர்களுக்கு ஒரு காணி நிலம்கூட இல்லை என்று 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு, 1892இல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அப்படி ஒதுக்கியதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அதில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது என்பதை உங்கள் ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்தாலே ஊகிக்கலாம். 1994 அக்டோபரில் இதே மாவட்டத்துக் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நான் அப்போது சென்னையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தியிலும் ஒற்றுப்பிழைதான் தேடியிருப்பேன்.

இன்று ஒரு நிலம் வந்தால் பட்டாவுக்கு முன் நான் கிராமத்து நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்க்கிறேன். பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா மட்டும் உரிமைக்கு முழுச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1979 தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று தாலுகா ஆபீசில் சொல்வார்கள், பெயர் மாறிப்போனவை, பரப்பு குறைந்துபோனவை ஏராளம். அந்தப் பிழைகளைத் திருத்த மக்கள் இன்னும் மனுவோடு வரிசையில் நிற்கிறார்கள். மெய்ப்புத் திருத்துபவர் தேவையில்லை என்று யார் சொன்னது?

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு நிலத்தை விற்பதற்காக அதைப் படிக்கத் தொடங்கினால், அங்கே யார் இருந்தார்கள், யார் வெளியே தள்ளப்பட்டார்கள், தண்ணீர் எங்கே போனது எல்லாம் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு கமிஷன் வாங்கலாம். பலர் வாங்குகிறார்கள், வசதியாக இருக்கிறார்கள். வாங்க மாட்டேன் என்று இருந்தால் அந்த ஊர் உங்களை மெதுவாகத் தன்னுடைய ஆளாக எடுத்துக்கொள்கிறது. அச்சகத்தில் என் சொல் தாளோடு போய்விடும். இங்கே நான் காலையில் சொன்னதற்கு மாலையில் அதே தெருவில், அதே காய்கறி வண்டிக்கு எதிரில் பதில்சொல்ல வேண்டும். பிறந்து ஊர்க்காரர் ஆவது ஒரு வழி. இப்படிப் பதில்சொல்லிப் பதில்சொல்லி ஆவதும் ஒரு வழிதான்.

முதல் இரண்டு வருஷம் டீக்கடையில் தரகர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். 'மேடம்' என்பார்கள். விலை நிலவரம் கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள். பெண்கள் வாடகை வீடு காட்டலாம், ஏக்கர் கணக்கில் நிலம் பேசக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. 2016 அதை உடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடைபோட்டது. நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். இரண்டும் சேர்ந்ததில் தரகர்கள் பாதிப்பேர் ஆட்டோ ஓட்டவும் மளிகைக்கடை வைக்கவும் போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு அங்கீகாரம் என்றால் என்ன, வரன்முறைப்படுத்துவது எப்படி, எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அரசாணை நடை எனக்குப் பழக்கமான நடை. ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடினாலும் எழுவாயைப் பிடித்துவிடுவேன். அப்போதுதான் 'அக்கா' ஆனேன்.

ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அதே 2016தான். தமிழ்நாட்டு விதிகள் 2017இல் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டமோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடமோ பதிவு எண் இல்லாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட திட்டங்களை விற்கும் தரகரும் பதிவுசெய்துகொள்ள வேண்டும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து பத்தே நிமிடம் என்று துண்டுச்சீட்டு கொடுத்தால், நிமிடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். பத்து நிமிடம் என்பது பின்னிரவு மூன்று மணிக்கு உண்மையாகவும் இருக்கலாம்.

இனி வாடகைக்கு வருகிறேன். பெரிய பணம் மனையில். மனிதர்களைப் பார்ப்பது வாடகையில். வீட்டுக்காரர் மூன்று கேள்வி கேட்பார். எத்தனை பேர்? சைவமா? மூன்றாவதைக் குரலைத் தணித்துக் கேட்பார்: 'எந்த ஆளுங்க?' பெயரைச் சொன்னதும் இஸ்லாமியர் என்று தெரிந்தால் வீடு அப்போதே வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று ஆகிவிடும். தனியாக இருக்கும் பெண் என்றால் 'ராத்திரி எத்தனை மணிக்கு வருவாங்க?' என்று நாலாவது கேள்வி. ஒரகடம் கம்பெனியில் வேலைசெய்யும் ஒடிசாப் பையன்கள் என்றால் கேள்வியே கிடையாது, கதவுதான். மூன்றாவது கேள்வியை நான் யாரிடமும் கொண்டுபோவதில்லை. சிலருக்குச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதனால் உலகம் திருந்திவிடவில்லை. அந்த வீட்டுக்குச் சாயந்திரமே வேறு தரகர் ஆள் பிடித்திருப்பார். ஆனாலும் எந்தக் கேள்வியும் இல்லாமல் வீடு கொடுப்பவர்கள் யார் யார் என்று இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியும். அந்தப் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் நீள்கிறது. கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு செவிலியருக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. இப்போது அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது அவர்தான்.

2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். இதை இங்கே சொல்வதால் நாளைக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். முன்வரிசையிலேயே ஒருவர் முகம் மாறுகிறது.

என் தொழிலில் எனக்குச் சம்பளம் தராத பகுதி ஒன்று உண்டு. அதைத்தான் அதிகம் மதிக்கிறேன். அது விடுதலைப் பத்திரம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். அப்பா போய்விட்டார், நிலத்தை விற்க வேண்டும், அண்ணன் தம்பிகள் கூடிவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழில் தங்கையின் பெயரும் இருக்கிறது. 'தங்கச்சி ஒண்ணும் சொல்லாதுக்கா, ஒரு கையெழுத்துதான்' என்பார்கள். ஒரு பட்டுப்புடவை, கொஞ்சம் பணம், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பெண் எங்கே என்று பார்த்தால் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் "நீ எதில் கையெழுத்துப் போடப் போகிறாய் தெரியுமாம்மா?" என்று கேட்பேன். வேறு எதுவும் சொல்வதில்லை. தெரியும் என்றால் சரி, அது அவள் முடிவு. தெரியாது என்றால் உட்கார்ந்து படித்துக்காட்டுவேன்.

இதில் சட்டம் அவள் பக்கம் இருப்பது அவளுக்கே தெரிவதில்லை. இந்துக் குடும்பத்தில் அப்பா தானே சம்பாதித்த சொத்து, உயிலும் எழுதவில்லை என்றால் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று 1989 மார்ச் முதல் செல்லும்படி தமிழ்நாடு சட்டம் செய்தது. அதற்கு முன் திருமணமானவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்வளவும் ஆன பிறகும் வேப்பமரத்தடியில் அந்தப் பெண் உட்கார்ந்தேதான் இருக்கிறாள். நான் படித்துக்காட்டியதால் நின்றுபோன பதிவுகள் உண்டு. அண்ணன்மார் என்னைத் திட்டியதும் உண்டு. 'குடும்பத்தைப் பிரிக்கிற புரோக்கர்' என்று ஒருவர் தெருவில் நின்று கத்தினார். அவருடைய தங்கை பிறகு தன் பங்கை விற்றபோது என் மூலம் விற்றார். கமிஷன் வாங்கினேன், ஏன் வாங்கக் கூடாது?

2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அன்றிலிருந்து மனைவியின் பெயரை நினைவுவைத்திருக்கும் கணவன்மார்கள் கூடியிருக்கிறார்கள்.

இளைஞர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். வேலை போய்விட்டது, அல்லது வேலை பிடிக்கவில்லை, ரியல் எஸ்டேட் செய்யலாமா என்று இரண்டு பேர் கூட்டம் தொடங்கும் முன்பே கேட்டார்கள். செய்யலாம். ஆனால் முதல் வருஷத்துச் சாப்பாட்டுக்கு வேறு வழி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் மூன்று பத்திரம் முடியும்; அப்புறம் மாதக்கணக்கில் பெட்ரோல் செலவு மட்டும்தான். ஆடியிலும் மார்கழியிலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஈ ஓட்டலாம். தையில் முகூர்த்த நாள் வந்தால் டோக்கன் கிடைக்காது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2017 முதல் 11 சதவீதமாக இருந்தது, 2023இல் 9 ஆனது. அதே வேகத்தில் வழிகாட்டி மதிப்பு ஏறியது. இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் வியாபாரம் சில மாதம் படுத்துவிடும். பணத்தைக் கையில் வாங்காதீர்கள், வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு வங்கி வழியாகவே போகட்டும். 'பவர்' மட்டும் வைத்துக்கொண்டு விற்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரே வட்டாரத்தில் இருங்கள். எல்லாப் பக்கமும் ஓடுபவர் எந்த ஊர் எல்லையையும் படித்திருக்க மாட்டார். கிராம நிர்வாக அலுவலர் மாறுவார், சர்வேயர் மாறுவார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கும் கிழவர் மாற மாட்டார். மதகு எங்கே இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். வில்லங்கச் சான்றை இன்றைக்கு வீட்டிலிருந்தே பார்க்கலாம், 1975க்குப் பிறகான பெரும்பாலான பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் பதிவுசெய்யாத உயிலும், நடந்துகொண்டிருக்கும் வழக்கும், வாய்ச்சொல்லாகச் செய்த பாகப்பிரிவினையும் அதில் வராமலே போகலாம். அதையெல்லாம் கிழவரிடமும் பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு முன் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போயிருக்க வேண்டும். நான் போகத் தொடங்கியது தகவலுக்காகத்தான், மறைக்க மாட்டேன். இப்போது தகவல் வேண்டாத வீடுகளுக்கும் போகிறேன்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், பை கனத்திலேயே தெரிகிறது. கூட்டம் முடிந்ததும் வாருங்கள், படித்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். ஜெராக்ஸ் பிரதியைக் காட்டினால் போதும். அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், என் கையிலும்தான்.